சாவியை எப்போது கொடுப்பது? செட்டிநாட்டில் தனியே இருக்கும் பெரியவர்களுக்கு நான்கு வழிகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரை எடுத்தாலும் இந்த நிலைமை உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பெரிய வீட்டில் எழுபதைத் தாண்டிய இருவர். ஷெட்டில் ஒரு கார், வாசலில் ஒரு ஸ்கூட்டர். வங்கி, மருந்துக்கடை, நகரத்தார் கோயில், பங்காளி வீட்டு விசேஷம் எல்லாம் அந்த இரண்டு வண்டிகளை நம்பித்தான் நடக்கின்றன. "அப்பச்சி, இனிமே நீங்க ஓட்ட வேண்டாம்" என்று மகன் போனில் அப்பாவிடம் சொல்கிறார். "நாப்பது வருசமா ஓட்டுறேன், ஒரு கீறல் உண்டா?" என்று இவர் கேட்கிறார். ஓட்டாவிட்டால் எப்படிப் போய்வருவது என்பதை மகன் சொல்வதில்லை. நாற்பது வருடம் ஓட்டிய கண்ணும் காலும் இப்போது அப்படியே இல்லை என்பதை இவர் ஏற்பதில்லை. பேச்சு அங்கேயே நின்றுபோகிறது.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. பரிசோதனைகளைச் செய்துகொண்டு முழுமையாகத் தொடர்ந்து ஓட்டலாம். எல்லை கட்டிக்கொண்டு ஓட்டலாம். காரை வைத்துக்கொண்டு டிரைவர் போடலாம். காரை விற்றுவிட்டு ஆட்டோ, டாக்சி, பஸ், ரயில் என்று மாறிக்கொள்ளலாம். ஐந்தாவதாக ஒன்று பல வீடுகளில் யாரும் முடிவெடுக்காமலே நடந்துவிடுகிறது. "கார் வேண்டாம், பக்கத்தில் போக ஸ்கூட்டர் போதும்" என்று மாறுவதுதான் அது. இருப்பதிலேயே ஆபத்து அதில்தான் அதிகம். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

## எதை வைத்து அளப்பது

வயதை வைத்து அளக்கக் கூடாது. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் முற்றிய அறுபத்தைந்து வயதுக்காரர் ஓட்டக் கூடாது. கண்ணும் காலும் நினைவும் சரியாக இருக்கும் எழுபத்தெட்டு வயதுக்காரர் பகலில் ஓட்டுவதில் பெரிய தவறில்லை. பார்க்க வேண்டியவை இவை.

கண். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது நாம் கையெழுத்திடும் படிவம் 1-இலும், நாற்பது வயதுக்கு மேல் மருத்துவர் தரும் படிவம் 1ஏ-யிலும் ஒரு கேள்வி இருக்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு, 25 மீட்டர் தொலைவில் உள்ள காரின் நம்பர் பலகையைப் படிக்க முடிகிறதா என்பதே அது. இதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். நிற்கும் காரிலிருந்து முப்பத்தைந்து எட்டு நடந்து, திரும்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு 'டிஎன் 63'-க்குப் பின்னால் இருப்பதைப் படியுங்கள். பிறகு மறு கண். தடுமாறினால் அன்றே கண் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.

இதில் தேறிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். இது நேர்ப் பார்வையை மட்டும்தான் சோதிக்கிறது. கிளாக்கோமாவில் பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் சுருங்கும்; நேர்ப் பார்வை தெளிவாக இருப்பதால் அவருக்கே அது தெரியாது. சந்திலிருந்து வரும் சைக்கிள் "திடீர்னு முளைச்சுது" என்று ஒருவர் அடிக்கடி சொன்னால், பார்வைப் புலச் சோதனை செய்யாமல் அவர் ஓட்டக் கூடாது. கண்புரையில் முதலில் கெடுவது இரவுப் பார்வை. எதிரே வரும் பஸ்ஸின் ஹைபீம் வெளிச்சம் கடந்துபோன பிறகு சாலை ஓரத்தின் வெள்ளைக் கோடு மறுபடி தெரிய எத்தனை விநாடி ஆகிறது என்று கவனியுங்கள். மூன்று, நான்கு விநாடி ஆகிறதென்றால் இரவு ஓட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. நான்கு விநாடி என்றால் அறுபது மீட்டருக்கு மேல் கண் தெரியாமல் ஓட்டியிருக்கிறோம்.

கால். ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கால் மாறும் வேகமும், கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உணர்வதும் முக்கியம். நீண்டநாள் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போகிறது. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடக்கிறவருக்கு, பெடலில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை சில நிமிட வேலை. சர்க்கரை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வேட்டி கிளட்சில் சிக்குவதும் ரப்பர் செருப்பு பெடலில் வழுக்குவதும் இங்கே சாதாரணம். பின்வார் உள்ள செருப்பும், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியும் இல்லாமல் காரில் உட்காரக் கூடாது என்பது எந்த வயதுக்கும் பொருந்தும்.

கழுத்து. உட்கார்ந்தபடி தலையை இருபுறமும் தோள் வரை திருப்ப முடிகிறதா? முடியாவிட்டால் பின்பக்கமாக எடுப்பதும், கிளைச் சாலையிலிருந்து பெரிய சாலையில் ஏறுவதும் குருட்டுத் துணிச்சலாகிவிடும்.

மருந்து. இன்சுலினும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையைத் திடீரென்று இறக்கக்கூடியவை. ஸ்டியரிங்கில் உட்காரும் முன் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 70-க்குக் கீழே போயிருந்தால் இனிப்பு எடுத்து, அளவு ஏறிய பிறகும் முக்கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகும். தூக்க மாத்திரை, சளிக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரை, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் ஆகியவை மந்தத்தையோ தலைசுற்றலையோ தரக்கூடியவை. புதிதாக ஒன்று ஆரம்பித்தால் முதல் வாரம் ஓட்டாமல் இருப்பது நல்லது.

நினைவும் நிதானமும். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வேறு. பல வருடம் போய்வந்த குன்றக்குடி ரோட்டில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தயங்குவது வேறு. இரண்டாவது நடந்தால் அது சாதாரண மறதி இல்லை.

வண்டி சொல்லும் சாட்சி. காரைச் சுற்றி நடந்து பாருங்கள். இடப்பக்கக் கதவிலும் இடது பம்பரிலும் புதுக் கீறல்கள், இடது கண்ணாடி உடைசல், கேட் தூணில் பெயின்ட் என்றால், ஓட்டுகிறவர் இடப்பக்கத்தைக் கணிப்பதில் பிசகுகிறார். ஒரு கீறல் யாருக்கும் விழும். ஆறு மாதத்தில் மூன்று விழுந்தால் அதை மெக்கானிக்கிடம் மட்டும் காட்டினால் போதாது, கண் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

இவற்றோடு இன்னொருவரையும் கேளுங்கள். பக்கத்து சீட்டில் உட்காரும் ஆச்சிதான் முதல் சாட்சி. அவர் காலை முன்னால் அழுத்திக்கொண்டு, கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு வருகிறாரா? "இவரோட ராத்திரி வரமாட்டேன்" என்று எதையாவது சாக்குச் சொல்கிறாரா? கணவரின் மனம் நோகுமே என்று அவர் வெளியே சொல்லாமல் இருப்பார். தனியாகக் கேட்டால் சொல்லுவார்.

## சரிசெய்யக்கூடியதா என்பது முதல் கேள்வி

இதைப் பிரிக்காமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. கண்புரை, தவறான கண்ணாடி, கேட்கும் குறை, மருந்தின் நேரம், சீட்டின் உயரம் எல்லாம் சரிசெய்யக்கூடியவை. கண்புரைக்கு அறுவைச் சிகிச்சை செய்த பிறகு, மருத்துவர் பார்த்துச் சம்மதித்தால், நிறுத்திய இரவு ஓட்டத்தைக்கூடச் சிலர் திரும்பத் தொடங்கலாம். காரைக்குடியிலிருந்து மதுரையின் கண் மருத்துவமனைகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தூரம். ஆனால் கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டால் அதன் பிறகு பல மணி நேரம் ஓட்ட முடியாது. அன்று வேறொருவர்தான் வண்டி எடுக்க வேண்டும்.

கிளாக்கோமாவில் இழந்த பார்வை திரும்பாது. மரத்துப்போன பாதம், மறதி நோய், கட்டுப்படாத வலிப்பு, அடிக்கடி வரும் மயக்கம், விழித்திரையின் நடுப்பகுதித் தேய்வு ஆகியவற்றில் காத்திருந்து பயனில்லை. இவற்றில் ஒன்று இருந்தால் முதல் இரண்டு வழிகளைத் தாண்டி நேரே மூன்றாவதற்கோ நான்காவதற்கோ போய்விடுங்கள்.

## வழி 1: பரிசோதனையோடு தொடர்ந்து ஓட்டுவது

மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேறியவர்களுக்கு இது சரி. ஆனால் கையில் லைசென்ஸ் இருப்பதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. 55 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியார் வாகன லைசென்ஸ் ஐந்தைந்து வருடமாகத்தான் கிடைக்கிறது. அந்த ஐந்து வருடத்துக்கு நடுவில் உடம்பில் நடப்பது எதுவும் அட்டையில் ஏறாது. எழுபதுக்கு மேல் வருடம் ஒருமுறை கண், பாதம், மருந்துப் பட்டியல் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு தேதியை, உதாரணமாக இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் மாதத்தை, அதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது.

கூடவே ஓட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று வேண்டும். மகனை உட்கார வைத்துச் செய்யாதீர்கள். அது சண்டையில் முடியும். டிரைவிங் ஸ்கூலில் இரட்டைப் பெடல் வைத்த கார் இருக்கும். ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து, வாத்தியாரைப் பக்கத்தில் உட்கார வைத்து, காரைக்குடி என்றால் கல்லுக்கட்டி நெரிசல், நூறடி ரோடு, பெரிய சாலையில் ஏறும் ஒரு வலது திருப்பம், பின்பக்கமாக எடுத்து நிறுத்துவது ஆகியவற்றைச் செய்து காட்டுங்கள். வாத்தியார் எத்தனை முறை தன் பிரேக்கைத் தொட்டார் என்பதுதான் மதிப்பெண். ஒருமுறை தொட்டாலே அடுத்த வழியைப் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் காருக்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். இடது முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாதவருக்கு அது உண்மையில் உதவும். மற்றவர்களுக்கு யோசனை தேவை. நாற்பது வருடம் கிளட்ச் மிதித்த இடது கால், அவசரத்தில் கிளட்சைத் தேடிப் பிரேக்கின் மேல் விழும். அதோடு, பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டால், கியர் காரில் கிளட்சையும் சேர்த்து மிதிக்கும் பழக்கம் வண்டியைக் காப்பாற்றிவிடும். ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தடுப்பு இல்லை. மாறுவதென்றால் அறுபது, அறுபத்தைந்திலேயே மாறிப் பழகிவிடுங்கள். எழுபத்தைந்தில் வேண்டாம்.

## வழி 2: எல்லை கட்டி ஓட்டுவது

பெரும்பாலான வீடுகளுக்கு முதலில் பொருந்துவது இதுதான். ஆனால் "கொஞ்சம் குறைச்சுக்கிறேன்" என்று வாயால் சொல்வது எல்லை ஆகாது. எழுதி ஒட்டும் அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். எங்கள் பரிந்துரை இப்படி.

முதலில் நிறுத்த வேண்டியது இரவு. சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே வண்டி ஷெட்டுக்குள் இருக்க வேண்டும். அந்திப் பொழுதில்தான் மாடுகள் வீடு திரும்பும், மயில் குறுக்கே பறக்கும், பின்விளக்கு இல்லாத வைக்கோல் டிராக்டர் சாலையில் நிற்கும். கண்மாய்க் கரை வளைவுகளில் சீமைக்கருவேலம் மறைத்து எதிரே வருவது தெரியாது. தை மாதத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடியலுக்கு முன்பும் இரவிலும் சாலை ஓரம் நடப்பார்கள். குன்றக்குடி, திருப்பத்தூர்ப் பக்கம் அந்த நாட்களில் அதிகாலையிலும் எடுக்கக் கூடாது. அவர்கள் மேல் மோதினால் என்ன ஆகும் என்பதை ஓட்டுகிறவர் ஒருமுறை நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த முடிவு ஓட்டுகிறவரின் உயிரை மட்டும் பற்றியதல்ல.

இரண்டாவது, நெடுஞ்சாலை. திருச்சி, இராமேசுவரம், மதுரைச் சாலைகளில் நீண்ட தூரம் ஓட்டுவதை நிறுத்துங்கள். முந்திச் செல்லும்போது எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணிப்பது வயதோடு குறையும் திறன். மதுரை போய்வர ஏறத்தாழ 170 கி.மீ. ஆகும், ஆஸ்பத்திரியில் காத்திருந்த களைப்போடு திரும்பி ஓட்டும் பாதிதான் ஆபத்தான பாதி.

மூன்றாவது, தூரமும் நேரமும். வீட்டிலிருந்து 15 கி.மீ.க்குள் என்று வைத்தால் காரைக்குடியில் இருப்பவருக்குப் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான் உள்ளே வரும். தேவகோட்டை வெளியே போய்விடும். பள்ளி விடும் நேரம், சந்தை நாள், முகூர்த்த நாளில் மண்டபத் தெரு, மழை ஆகியவற்றைத் தவிருங்கள்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு பணம் அல்ல. எல்லை நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். "இன்னிக்கு ஒரு நாள்தானே, மாப்பிள்ளை ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்" என்று இரவில் கிளம்புவதில்தான் விபத்து காத்திருக்கிறது. எல்லை கட்டும் அன்றே அந்த விதிவிலக்குகளுக்கு ஆள் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அது இல்லாமல் இரண்டாவது வழி நிலைக்காது. இன்னொன்று, குறைவாக ஓட்டுகிறவரின் கைப்பழக்கமும் குறையும். மாதம் ஒருமுறை மட்டும் காரை எடுக்கும் நிலை வந்துவிட்டால், அது எல்லை அல்ல, நிறுத்த வேண்டிய அடையாளம்.

## வழி 3: கார் இருக்கட்டும், டிரைவர் ஓட்டட்டும்

காருக்குப் பழகியவர்களுக்கு மனம் ஒப்புகிற வழி. சொந்த சீட், சொந்த நேரம், வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம், ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மீட்டர் ஓடாது. நடக்க முடியாதவர், சக்கர நாற்காலியை மடித்து வைத்துப் போகிறவர், மாதம் பலமுறை சிகிச்சைக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவர் வீட்டில் இதுவே சிறந்தது.

பணக் கணக்கில் இது மலிவு என்று நினைப்பது தவறு. கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் விசாரித்து மாற்றிப் போட்டுப் பாருங்கள். சிறிய பெட்ரோல் கார் ஒன்றுக்கு வருடம் இன்ஷூரன்ஸ் 10,000, சர்வீஸ் 8,000, டயரும் பேட்டரியும் வருடத்துக்குப் பிரித்தால் 5,000, மதிப்புக் குறைவு 30,000 என்றால் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் 53,000 போகிறது. மாதம் நான்கு முறை மதுரை போய்வந்தால், ஊருக்குள் சுற்றுவதோடு ஒரு தடவைக்கு 180 கி.மீ. என்று வைத்தால், வருடம் 8,640 கி.மீ. ஆகும். லிட்டருக்கு 15 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய் என்றால் 57,600. ஆக்டிங் டிரைவருக்கு நாளொன்றுக்கு 1,000 என்றால் 48,000. மொத்தம் 1,58,600. அதே பயணத்துக்கு டாக்சி தடவைக்கு 3,000 கேட்டால் வருடம் 1,44,000. கார் பழசாகி மதிப்புக் குறைவு சிறிதாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகும். ஆகவே காரை வைத்துக்கொள்ளக் காரணம் பணமாக இருக்க முடியாது, வசதியாகத்தான் இருக்க வேண்டும்.

பிற செலவுகளும் உண்டு. முகூர்த்த நாட்களில் ஆக்டிங் டிரைவர் கிடைக்கமாட்டார். பத்து நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். வெளியூரில் இரவு தங்கினால் படி, சாப்பாடு, படுக்க இடம் நம் பொறுப்பு. இரவு முழுக்க வேறு சவாரி ஓட்டிவிட்டுக் காலையில் நம் காரில் ஏறும் டிரைவர், கண் மங்கிய பெரியவரைவிட ஆபத்தானவர். "நேத்து ராத்திரி தூங்கினீங்களா தம்பி" என்று கேட்பதில் கூச்சப்படாதீர்கள். அவர் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸில் சம்பள டிரைவருக்கான பொறுப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். கூடுதல் பிரீமியம் மிகச் சிறியது, விடுபட்டால் விபத்தில் டிரைவருக்கான இழப்பீடு உங்கள் தலையில் விழும். வீடு எந்த நாளில் பூட்டியிருக்கும் என்பது டிரைவருக்குத் தெரியும் என்பதால், நாலு வீட்டுக்கு அறிமுகமானவராகப் பார்ப்பது செட்டிநாட்டு வீடுகளுக்கு மிக அவசியம்.

ஓட்டாமல் நிற்கும் கார் தானாகவே கெடும். பேட்டரி இறங்கும், எலி வயரைக் கடிக்கும், டயர் ஒரே பக்கம் அழுந்தும். வாரம் ஒருமுறையாவது இருபது கி.மீ. ஓட வேண்டும். "சும்மா ஒரு ரவுண்டு எடுத்துட்டு வர்றேன்" என்று பெரியவரே கிளம்பிவிடாமல் அதையும் டிரைவரிடம் கொடுங்கள்.

## வழி 4: விற்றுவிட்டு ஆட்டோ, டாக்சி, பஸ், ரயில்

முதலில் இரண்டு வாரத்துக்கு எங்கெங்கே போனீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மருந்து, காய்கறி, வங்கி, கோயில், உறவு, ஆஸ்பத்திரி என்று பிரித்தால், பாதிக்குமேல் ஐந்து கி.மீ.க்குள் இருப்பதும், சில பயணங்கள் தேவையே இல்லாததும் தெரியவரும். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குகிறவர்களுக்கு அந்தப் பயணம் மிச்சம்.

மேலே போட்ட கணக்கில் வருடம் 4,000 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவருக்குக் கார் ஏறத்தாழ 80,000, அதாவது மாதம் 6,650 ரூபாய் தின்கிறது. ஒரு சவாரி 150 ரூபாய் என்றாலும் மாதம் இருபத்திரண்டு முறை ஆட்டோவில் போய்வரலாம். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு இந்த வழி தெளிவாகவே மலிவு. கையில் எண்ணிக் கொடுப்பதால்தான் ஆட்டோ கூலி பெரிதாகத் தெரிகிறது.

சென்னையில் இருக்கும் பிள்ளைகள், ஆப்பைத் தொட்டால் வண்டி வந்துவிடும் என்ற நினைப்பில் பேசுவார்கள். சிறிய ஊர்களில் நம்ப வேண்டியது தெரிந்த ஆட்டோக்காரரைத்தான். ஒருவர் போதாது, மூன்று பேர் நம்பர் வேண்டும். வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி என்று முன்பே பேசி, மாதக் கணக்காகக் கொடுத்தால் அவர்களும் தவறாமல் வருவார்கள். பள்ளிச் சவாரி முடிந்த காலை பத்து மணிக்குமேல் அவர்களுக்கு ஓய்வு. நம் வேலைகளை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்வது எளிது. ஏறும் படி உயரம் முழங்காலுக்கு ஒத்துவருகிறதா என்று ஏறிப் பார்த்தே ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

டவுன் பஸ்ஸில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ஆனால் முதல் படியின் உயரமும், உட்காரும் முன் வண்டி கிளம்புவதும் எழுபதுக்கு மேல் விழுவதற்குப் போதுமான காரணங்கள். துணையோடு போகிறவர்களுக்கு மட்டும் பஸ். சென்னைக்குப் பகலில் பல்லவன் இருக்கிறது, இரவு ரயில்களும் காரைக்குடி வழியாகப் போகின்றன. மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, ஆனால் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு தொடர்கிறது. டிக்கெட் போடும்போது வயதைச் சரியாகக் கொடுங்கள்.

"நடுராத்திரியில் ஒண்ணுன்னா என்ன செய்ய, அவசரத்துக்காவது கார் வேணும்" என்பதுதான் இந்த வழிக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய காரணம். நெஞ்சு வலிக்கிறவர் தானே ஓட்டக் கூடாது. பக்கத்தில் வலியில் ஒருவர் துடிக்கும்போது எழுபத்தைந்து வயதுத் துணை இருட்டில் ஓட்டுவதும் கூடாது. அவசரத்துக்கு உரியது 108. வீட்டு முகவரியையும், எளிதில் கண்டுபிடிக்கும் அடையாளத்தையும், இரு தெருவுக்கும் வாசல் உள்ள வீடென்றால் எந்த வாசல் திறக்கும் என்பதையும் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

பணத்தால் அளக்க முடியாத செலவு ஒன்று உண்டு: வெளியே போவது குறையும், ஆள் சுருங்குவார். விற்ற முதல் மாதமே வாரத்தில் இரண்டு பயணங்களை, அதில் ஒன்று வேலைக்காக இல்லாமல் கோயிலுக்கோ நண்பர் வீட்டுக்கோ, நாட்காட்டியில் குறித்து ஆட்டோவுக்கும் சொல்லிவிடுங்கள்.

## ஸ்கூட்டருக்கு மாறுவது ஏன் தவறு

கார் பெரியது, அதனால் ஆபத்து. ஸ்கூட்டர் சிறியது, மெதுவாகப் போகலாம் என்ற எண்ணம் தலைகீழானது. காரில் நின்ற இடத்தில் தடுமாறினால் எதுவும் ஆகாது. ஸ்கூட்டரில் நின்ற இடத்தில் தடுமாறினாலே நூறு கிலோ எடை மேலே சாயும். எலும்பு மெலிந்த வயதில் வேகமே இல்லாமல் விழுந்தாலும் இடுப்பு முறியும். குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவருக்குத் தலையில் சிறிய அடியே மூளைக்குள் ரத்தக்கசிவாகலாம். நம் ஊர்ச் சாலை ஓரத்தில் செம்மண்ணும் சரளையும் கிடக்கும். பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது சறுக்குவது அங்கேதான்.

ஆகவே நிறுத்தும் வரிசையை மாற்றுங்கள்: ஸ்கூட்டர் முதலில், கார் பிறகு. ஒற்றைக் காலில் பத்து விநாடி பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாதவர், வண்டியைத் தானே சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுக்க முடியாதவர் இரு சக்கர வண்டி ஓட்டக் கூடாது.

இரண்டு மாற்று யோசனைகள் வரும். 25 கி.மீ. வேகத்துக்கு உட்பட்ட, 250 வாட் வரையுள்ள மின் ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் பிள்ளைகள் வாங்கித் தருகிறார்கள். லைசென்ஸ் வேண்டாம் என்றால் விழமாட்டோம் என்று பொருள் இல்லை. பக்கச் சக்கரம் மாட்டினால் நிற்கும்போது சாயாது, ஆனால் திருப்பத்தில் வண்டியை உள்பக்கம் சாய்க்க முடியாது; கொஞ்சம் வேகத்தில் திரும்பினால் வெளிப்பக்கம் கவிழும். மாற்றத்தை ஆர்.சி.யில் பதிவு செய்யாமல் ஓட்டினால் இன்ஷூரன்ஸும் சிக்கலாகும்.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்கு | மறைந்த செலவு | எப்போது அடுத்ததற்குப் போவது |
|---|---|---|---|
| தொடர்ந்து ஓட்டுவது | எல்லாச் சோதனையிலும் தேறியவர் | ஆண்டுப் பரிசோதனை, டிரைவிங் ஸ்கூல் கட்டணம் | வாத்தியார் பிரேக்கைத் தொட்டால். இரவில் கண் கூசினால் |
| எல்லை கட்டி ஓட்டுவது | பகலில் நன்றாக ஓட்டுகிறவர், ஊருக்குள் வேலை உள்ளவர் | எல்லை தளர்வது, பழக்கம் விடுவது | ஒருமுறை எல்லை மீறினால். ஆறு மாதத்தில் மூன்று கீறல் விழுந்தால் |
| காரும் டிரைவரும் | அடிக்கடி வெளியூர்ச் சிகிச்சை, நடக்க முடியாதவர் | படி, நிற்கும் காரின் தேய்மானம், முகூர்த்த நாள் தட்டுப்பாடு | மாதம் இரண்டு, மூன்று முறைகூடக் காரை எடுக்காவிட்டால் |
| விற்றுவிடுவது | ஊருக்குள் மட்டும் போகிறவர், திரும்பாத நோய் உள்ளவர் | வீட்டிலேயே முடங்குவது | |

## மறதி நோயில் மட்டும் ஒப்பீடு இல்லை

மற்ற நிலைமைகளில் முடிவை ஓட்டுகிறவரே எடுக்க வேண்டும், வீட்டார் கூட நிற்க வேண்டும். மறதி நோயில் அப்படி இல்லை. தன்னால் முடியாது என்பதே அவருக்குத் தெரியாது. மகன் சொன்னால் கோபம் வரும். மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, "வண்டி ஓட்டக் கூடாது" என்று மருந்துச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்தச் சீட்டைக் காட்டலாம், வாக்குவாதம் வேண்டாம். சாவியை ஒளித்து வைத்தால் தேடித் தேடி அமைதி இழப்பார். காரையே வேறு உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. எதற்கும் கேட்காமல் ஓட்டுகிறார் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 16-ஆவது பிரிவில், நோயால் ஓட்டத் தகுதியில்லை என்று நம்பக் காரணம் இருந்தால் மருத்துவச் சான்று கேட்கவும் லைசென்ஸை ரத்து செய்யவும் அதிகாரிக்கு உரிமை இருக்கிறது. குடும்பம் எழுத்தில் மனுக் கொடுக்கலாம்.

## தாள் வேலைகள்

லைசென்ஸ் முடிந்த பிறகும் ஓட்டுவது எந்த வழியிலும் சேராது. முன்பிருந்த முப்பது நாள் சலுகை 2019 திருத்தத்தில் போய்விட்டது. காலாவதியான மறுநாளே அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான்: அபராதம் 5,000, சொந்த வண்டி சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கைவிரிக்கலாம். முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிலிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்றாவது, நான்காவது வழிக்குப் போனவர் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். லைசென்ஸ் இல்லாத உரிமையாளருக்கு, உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு கட்டாயமில்லை என்பதால், டிரைவர் வைத்திருப்பவர் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது அதைச் சொல்லிப் பிரீமியத்தைக் குறைக்கலாம்.

காரின் ஆர்.சி. பதினைந்து வருடத்தில் முடியும். அதை ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கத் தகுதிச் சோதனையும் பராமரிப்பும் கட்டணமும் சேரும். அந்தத் தேதி நெருங்கினால், அதற்கு முன்பே விற்பது லாபம்.

விற்கும்போது படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, 14 நாளுக்குள் பெயர் மாற்றத்தை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. புரோக்கரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைக் கிழித்து, வங்கியில் சொல்லி அந்தக் கணக்கை மூடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் கடக்கும் சுங்கச்சாவடிக் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து போகும்.